வாய்க்கால் மீனுக்கு ஒரு கண்ணாடி வீடு

எங்க வீட்டுக் கூடத்தில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். "இது என்ன மீனு? எந்த ஊர்லேருந்து வாங்குனீங்க?" என்று கேட்பார்கள். "நம்ம வயல் வாய்க்கால்ல புடிச்சதுதான்" என்று சொன்னால் சிரிப்பார்கள். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, மேல்மட்டத்திலேயே மிதக்கும் மீனைக் காட்டி, "இது முண்டக்கண்ணி, சின்ன வயசுல பாத்ததே இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து நன்றாகப் பார்ப்பார்கள்.

இந்தத் தொட்டியை ஆரம்பித்தது நான் இல்லை, என் மகள். அதில் நடந்த தப்புகள் மட்டும் பெரும்பாலும் என்னுடையவை. அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்கிற உழவர் சொந்தங்களுக்கு அது உதவும்.

ஒன்பதே நாளில் காலியான தொட்டி

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் நிலம். ஒன்பது வருடமாக ரசாயனம் போடாமல் குறுவையும் சம்பாவும் செய்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவள் பிறந்த நாளுக்கு உறவுக்காரர் ஒருவர் இந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கொடுத்தார். நாலு தங்க மீனும், தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லிக் கருப்பாக ஒரு 'டேங்க் கிளீனர்' மீனும் கூடவே வந்தன.

அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே மீனை விட்டோம். தண்ணீர் கலங்கியது. நான் என்ன செய்தேன்? தினமும் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட ஊராட்சிக் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். ஒன்பதாம் நாள் காலையில் நாலு தங்க மீனும் மிதந்தன. மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள்.

எதனால் செத்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. புரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் வயலில் நான் தினமும் பேசுகிற விஷயம்தான் அது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனை அவ்வளவாக வாட்டாது, செடிக்கு அது உணவு. மண்ணில் நடப்பதும் இதே வேலைதான். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. இரண்டொன்று வந்து கல்லில் ஒட்டியிருந்தாலும் நான் தேய்த்துக் கழுவியே கொன்றிருப்பேன், மிச்சத்தைக் குளோரின் பார்த்திருக்கும். மண்ணில் உயிர் இல்லாமல் பயிர் வராது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் உயிரில்லாத தண்ணீரில் மீனை விட்டிருக்கிறேன்.

குளத்தில் விட்ட ஒற்றை மீன்

அந்தக் கருப்பு மீன் மட்டும் சாகவில்லை. அது எதற்கும் சாகாது. ஒரு வருடத்தில் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்டது. தொட்டியில் திரும்பவே இடமில்லை. செடி வைத்தால் பிடுங்கிப் போட்டது. கொல்ல மனசு வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வாளியில் போட்டுக் கொண்டுபோய் ஊர்க் குளத்தில் விட்டுவிட்டேன். புண்ணியம் செய்கிறோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமனார், "ஏம்மா, ஊரு பேரு தெரியாத மீன குளத்துல விடுவாங்களா? வெதைநெல்லுல களைய கலந்த மாதிரில்ல ஆச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கோடை கழித்து, குளம் வற்றி மீன் பிடித்தபோது வலையில் கெண்டைக்கும் கெளுத்திக்கும் நடுவே அந்தக் கருப்பு மீன்கள் வாளி வாளியாக வந்தன. முள் மாதிரி செதிலும் முரட்டுத் துடுப்பும் சிக்கி வலை கிழிந்தது. அதைத் தின்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை, கரையில் அள்ளிக் கொட்டினார்கள். தென் அமெரிக்கா ஆறுகளின் மீன் அது. ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டையைக் காக்கும். வளை பெருகினால் கரையும் சரியும். நம்ம குளத்தில் அதைப் பிடித்துத் தின்ன பெரிதாக எதுவும் இல்லை.

ஒற்றை மீன் தனியாகப் பெருகியிருக்காது என்பது எனக்குத் தெரியும். என்னை மாதிரி இன்னும் பத்துப் பேர் புண்ணியம் தேடியிருப்பார்கள். ஆனால் அந்தப் பத்தில் நான் ஒருத்தி. கிழிந்த வலையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி அன்றைக்கு என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மாமனாரின் பால் கேன்

காலித் தொட்டி பரணில் கிடந்தது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த ஒரு ஆடி மாதம். மாமனார் வயல் ஓரத்துப் பள்ளத்தில் துணியால் அரித்து, பால் கேனில் கொஞ்சம் பொடி மீன் கொண்டுவந்தார். பேத்தியைக் கூப்பிட்டு, "கடையில விக்கிறது மட்டுந்தான் மீனா? இத பாரு" என்றார்.

கேனுக்குள் மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு கண்ணாடி டம்ளரில் அள்ளி வெளிச்சத்தில் பக்கவாட்டில் காட்டினார். ஒன்று தலையில் பொட்டு வைத்திருந்தது. ஒன்றின் வால் ஊசி மாதிரி நீண்டிருந்தது. ஒன்று உடம்பே கண்ணாடியாக, உள்ளே முள் வரிசை தெரிய நின்றது. மகள் அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை.

நாம் குழம்புக்கு அள்ளுகிற 'பொடி'க்குள் இத்தனை சாதி இருக்கிறது என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

கடையில் வாங்கினாலும் வயலில் பிடித்தாலும், ஒரு மீனைத் தொட்டிக்குத் தேர்ந்தெடுக்கும் முன் நாங்கள் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை:

1. முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம்? கடையில் இருக்கிற அளவை நம்பக் கூடாது. 2 அடித் தொட்டியில் 56 லிட்டர்தான் கொள்ளும். மணல், கல் போக 45, 50 லிட்டர் மிஞ்சும். வளர்ந்தும் 5, 6 செ.மீ. தாண்டாத மீன்தான் இதற்குப் பொருந்தும். தங்க மீன் ஒரு சாண் வளரக்கூடியது. அதற்கு இது வீடே இல்லை.

2. தனியாக இருக்குமா, கூட்டமாக இருக்குமா? கூட்டத்து மீனை ஒன்று இரண்டாக வைத்தால் மூலையில் ஒளிந்து, தின்னாமல் வாடும்.

3. மேல் தண்ணீரா, நடுவா, அடியா? மூன்று மட்டத்துக்கும் ஒவ்வொன்று வைத்தால் சண்டை குறையும். பல அடுக்குப் பயிர் வைக்கிற கணக்குத்தான்.

4. என்ன தின்னும்? சில மீன் உயிர் இரையைத் தவிர வேறெதையும் தொடாது. தினமும் அதற்கு வழி இருக்கிறதா?

5. எங்கிருந்து வருகிறது? பண்ணையில் இனப்பெருக்கம் செய்ததா, ஆற்றில் அள்ளியதா? ஆற்றில் அள்ளியது என்றால் அந்த மீன் அந்த ஆற்றில் மட்டுமே இருக்கிற இனமா? சட்டப்படி பாதுகாக்கப்பட்டதா? பதில் கிடைக்காவிட்டால் வாங்குவதில்லை.

எங்கள் தொட்டிக்கு வந்தவை

ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும். அதனால் நூல் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

*முண்டக்கண்ணி* (அப்ளோகைலஸ் வகை). பெரிய கண், மேல் நோக்கிய வாய், தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு. சின்ன இனங்கள் 4, 5 செ.மீ. தான் வளரும். தண்ணீரின் மேல் தோலில் ஒட்டியது மாதிரி நிற்கும். கொசுப்புழு என்றால் உயிர். நன்றாகத் துள்ளும் என்பதால் மூடி இல்லாமல் வைக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே இரண்டு தரையில் காய்ந்து கிடந்தன. ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் இருந்தால் நல்லது. பாசியில் ஒன்றொன்றாக முட்டையை ஒட்டி வைக்கும். இரண்டு வாரம் வாக்கில் பொரியும். பெரியதே குஞ்சைத் தின்றுவிடும் என்பதால், முட்டை ஒட்டிய பாசியை எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவோம்.

கொசுவை ஒழிக்க என்று 1928-இல் கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது குட்டி போட்டுப் பெருகும், நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் தின்னும். கொசுப்புழு தின்ன நம்மிடமே முண்டக்கண்ணி இருக்கிறது.

*ஊசிவால்* (சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ்). எங்க வீட்டில் இதற்குத் தனிப் பேர் இல்லை, எல்லாம் பொடிதான். ஊசிவால் என்பது மகள் வைத்த பேர். 6 செ.மீ.க்குள் நிற்கும். பழுப்பு நிறம், வால் நடுவில் ஒரு நீண்ட முனை, வயிற்றுப் பக்கம் செந்நிற இழைகள். நெல் வயலும் வாய்க்காலும்தான் இதன் வீடு. காற்றை நேராக மேலே வந்து குடிக்கும் உறுப்பு இதற்கு உண்டு, அதனால் காற்று மோட்டார் இல்லாமலே இருக்கும். 1831-இல் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதை விவரித்து எழுதினார். மாதிரி மீன் கிடைத்தது புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில். பேரில் இருக்கிற 'குபானஸ்' அந்தக் 'குப்பம்'தான். நம்ம பக்கத்து ஊர்ப் பேரைச் சுமக்கிற மீனுக்கு நம்மிடம் பேர் இல்லை!

ஆண், இலைக்கு அடியில் எச்சில் நுரையால் கூடு கட்டும். பெண் முட்டையிட்டதும், கீழே விழுவதை வாயால் பொறுக்கி நுரையில் ஒட்டும். குஞ்சு நீந்தும் வரை அங்கேயே காவல் இருக்கும். முதல் முறை நுரையைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து வழித்து எடுக்கப் போனேன். மகள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

*அயிரை* (லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ்). மதுரைக்காரர்களுக்குக் குழம்பு, எங்கள் தொட்டிக்கு அடிமட்டத்துத் துப்புரவாளர். மீசையால் மணலைத் துழாவி, மண்ணை வாயில் வாங்கிச் செவுள் வழியாக விடும். பகலில் மணலுக்குள் புதைந்து இரண்டு கண் மட்டும் தெரியும். கூரான சரளைக் கல் போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும், மெல்லிய ஆற்று மணல்தான் வேண்டும். ஐந்தாவது இருக்க வேண்டும். மிச்ச இரையைத் தின்னுமே ஒழிய மீன் கழிவைத் தின்னாது. 'சுத்தம் பண்ணும் மீன்' என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

*கண்ணாடி மீன்* (பரம்பாசிஸ் ரங்கா). உடம்பு வழியாகப் பின்னால் இருக்கிற பாசி தெரியும். ஆறு ஏழாகக் கூட்டமாக இருந்தால்தான் தைரியமாகத் திரியும். உயிர் இரைதான் விரும்பும். கடையில் இதே மீனை நீலம், ரோஸ் நிறத்தில் பார்த்தால் வாங்க வேண்டாம். ஊசியால் உடம்புக்குள் சாயம் ஏற்றியது அது. கொஞ்ச நாளில் சாயம் போகும், பல மீன் அதற்கு முன்பே போய்விடும்.

*மஞ்சள் காசு* (சூடெட்ரோப்ளஸ் மாகுலேட்டஸ்). இதுவும் எங்கள் வீட்டுப் பேர்தான். கேரளாவில் கரிமீன் என்கிறார்களே, அதன் குட்டித் தம்பி. 8 செ.மீ. வரை போகும், அதனால் எங்கள் தொட்டியில் இல்லை. பண்ணைக்குட்டை ஓரத்தில் ஒரு சிமென்ட் தொட்டியில் ஒரு சோடி வைத்திருக்கிறோம். உப்புக் கலந்த தண்ணீரிலும் வாழும், நல்ல தண்ணீரிலும் வாழும். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் வாய் வைத்து மேல் வழுவழுப்பைக் கொறித்துத் தின்னும். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "பால் குடிக்குது பாரு" என்றார்.

56 லிட்டர் தொட்டி என்பதால் இத்தனையையும் ஒன்றாகப் போட்டுவிடவில்லை. இப்போது இருப்பது 3 முண்டக்கண்ணி, ஒரு சோடி ஊசிவால், 5 அயிரை. அவ்வளவுதான். கண்ணாடி மீனை வைத்திருந்த வருடம் முண்டக்கண்ணி இல்லை.

ஆசைப்பட்டும் வைக்காதவை

அபூர்வ மீன் என்றால் எல்லாருக்கும் ஆசைதான். மகளுக்கு 'மிஸ் கேரளா' மீது ஒரு கண். 1865-இல் ஃபிரான்சிஸ் டே விவரித்த மீன் அது. உடம்பில் சிவப்புக் கோடும் கருப்புக் கோடுமாக அத்தனை அழகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டும் உள்ளது. ஏற்றுமதிக்காக அள்ளியதில் குறைந்துபோய், உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் 'அழியும் நிலை'யில் இருக்கிறது. 10 செ.மீ.க்கு மேல் வளரும், கூட்டமாகப் பாயும், ஓடுகிற தண்ணீர் கேட்கும். 4 அடித் தொட்டியாவது வேண்டும்.

இன்னொன்று குட்டிப் பேத்தை. முழுதாக வளர்ந்தும் 3 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். கேரளத்து ஆறுகளின் மீன் இது. இரண்டு கண்ணும் தனித்தனியாக உருண்டு நம்மையே பார்க்கும். நத்தையைத் தேடித் தேடித் தின்னும். ஆனால் மற்ற மீனின் வாலைக் கடிக்கும், காய்ந்த தீவனத்தைத் தொடாது. இதுவும் காட்டில் குறைந்து வருகிற இனம். மூன்றாவது, வடகிழக்கில் பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளில் உள்ள டாரியோ டாரியோ. 2 செ.மீ.தான், ஆண் சிவப்புக் கல் மாதிரி மின்னும். அதுவும் உயிர் இரை இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும்.

இவை வேண்டவே வேண்டும் என்றால், தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கிறவரிடம், சட்டத்துக்கு உட்பட்டு மட்டும் வாங்குங்கள். மலைக்குப் போகும்போது ஓடையில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். வாய்க்கால் முண்டக்கண்ணி நாலு எடுத்தால் வாய்க்காலுக்குத் தெரியாது. ஓர் ஓடையில் மட்டும் இருக்கிற மீனுக்கு நாலு என்பது பெரிய கணக்கு.

தொட்டியைப் பழக்குவது எப்படி?

நாற்றங்கால் தயார் செய்யாமல் விதை போட மாட்டோம். தொட்டியும் அப்படித்தான்.

ஆற்று மணலை நன்றாகக் கழுவி 2 அங்குலம் போடுங்கள். சோப்பு வேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து ஊற்றுங்கள். போர் தண்ணீரும் உடனே வேண்டாம், அதையும் ஒரு நாள் காற்றாட விடுங்கள். வேலம்பாசியை வாளியில் ஒரு வாரம் வைத்துப் பூச்சி இல்லை என்று பார்த்துவிட்டு நடுங்கள். தும்பிப் புழு பாசியோடு வந்து எங்கள் முதல் ஈட்டுக் குஞ்சு அத்தனையையும் தின்றுவிட்டது.

மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்னும் நுண்ணுயிரும் பெருகும். நன்றாக ஓடுகிற தொட்டி யாரிடமாவது இருந்தால் ஒரு கைப்பிடி மணல் கேட்டு வாங்கிப் போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கப்புறம் இரண்டு மூன்று மீனாக விடுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். எடுக்கிற தண்ணீரை நான் கத்தரிக்கும் கீரைக்கும் ஊற்றுகிறேன். வெயில் நேராகப் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். ஊசிவாலுக்கு அந்த நிழல் பிடிக்கும்.

இரைக்குச் செலவில்லை. மண்புழுத் தொட்டியில் சின்னப் புழுவாக எடுத்துக் கழுவி, பொடியாக நறுக்கிப் போடலாம். கொசுப்புழுவை வலையில் அரித்துப் போடலாம், தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும். குஞ்சுக்கு வைக்கோல் ஊறல்: ஒரு பாட்டில் தண்ணீரில் ரசாயனம் படாத வைக்கோல் நாலு துண்டு போட்டு சில நாள் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் பெருகும். அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மருந்தடித்த வயல் வைக்கோல் என்றால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம கரைசல்களும் மீனுக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பச்சைச் சாணத்தை அளவில்லாமல் குட்டையில் கரைத்தால் மூச்சுக்காற்று குறைந்து, விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கும்.

பக்கத்து வயல் அண்ணன்

இரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பா. பக்கத்து வயல்காரர் எனக்கு அண்ணன் முறை. இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடித்தார். அன்றைக்கு ராத்திரியே மழை. அவர் வயல் தண்ணீர் மடை வழியாக எங்கள் பள்ளத்தில் இறங்கியது. காலையில் போனால் பள்ளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. அவர் அடித்தது பைரித்ராய்டு வகை மருந்து. மீனுக்கு அது துளி பட்டாலே ஆகாது. மாமனார் கரையில் உட்கார்ந்து, செத்த மீனைக் குச்சியால் ஒதுக்கி ஒதுக்கி, உயிரோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கும் அண்ணனுக்கும் வாய்ச் சண்டையாகி, எட்டு மாதம் பேச்சு இல்லை.

அன்றைக்கு எங்களிடம் மிஞ்சியது தொட்டியில் இருந்த பத்துப் பன்னிரண்டு மீன்தான். கடை மீன் எதுவும் அதோடு கலக்காமல் வைத்திருந்தோம், நோயும் இல்லை. அதன் குஞ்சுகளைச் சிமென்ட் தொட்டியில் வளர்த்து அடுத்த குறுவைக்கு அதே பள்ளத்தில் விட்டோம். வாய்க்கால் தண்ணீரோடும் புதிதாக வந்தது. அங்கே பிடித்த மீன், அங்கேயே போனது. கடை மீனோடு ஒரு நாள் கலந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். நாட்டு மீனாகவே இருந்தாலும் நோயைக் கொண்டுபோய் விடும்.

போன வருடம் அந்த அண்ணன் மகன் என் மகளோடு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எங்க வீட்டுக்கு வந்தான். தொட்டியைப் பார்த்துவிட்டு அவனும் கேட்க, அண்ணன் வேறு வழியில்லாமல் வந்து வாசலில் நின்றார்.

"என்ன தங்கச்சி, அந்த நெத்திப் பொட்டு மீனு எங்க கெடைக்கும்? பய தூங்க விட மாட்டேங்குறான்."

"உங்க வாய்க்கால்லயே இருந்துச்சுண்ணே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். "சின்னப் புள்ளையில துண்ட விரிச்சு அள்ளுவோம்" என்று மட்டும் சொன்னார். மாமனார் அவருக்கு ஒரு பால் கேனில் ஆறு குஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

அண்ணன் இன்னும் மருந்தடிப்பதை விடவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்தச் சம்பாவில் இரண்டு முறை அடிப்பதற்கு முதல் நாள் வந்து, "தங்கச்சி, நாளைக்கு அடிக்கிறேன், மடைய அடைச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பள்ளத்தை ஒட்டிய ஒரு செறுவில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

உழவர் சொந்தங்களே, பிள்ளைகள் மீன் தொட்டி கேட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கடைக்குப் போகும் முன்னால் ஒரு பழைய துண்டும் பால் கேனும் எடுத்துக்கொண்டு உங்கள் வாய்க்காலுக்குக் கூட்டிப் போங்கள். மீன் இருந்தால் நாலு எடுத்து வந்து வளருங்கள், மிச்சத்தை அங்கேயே விடுங்கள். ஒன்றும் இல்லை என்றால், ஏன் இல்லை என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். அதற்கு நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

கடை மீன் மட்டும் எந்தக் காலத்திலும், எந்தக் குளத்திலும் வேண்டாம். வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிறவர் யாரிடமாவது கொடுங்கள். எங்கள் ஊர்க் குளத்தில் அந்தக் கருப்பு மீனை இந்தக் கோடையிலும் அள்ளத்தான் போகிறோம். இந்த முறை வலை பிடிக்க நானும் இறங்குகிறேன்.